பட்டி நாயின் இரவுக் குரைப்பும் பக்கத்து வீட்டுத் தூக்கமும்

காங்கேயம், வெள்ளகோவில் பக்கம் தெருநாய்கள் கூட்டமாகப் பட்டிக்குள் புகுந்து ஆடுகளைக் கடித்துப்போடுவது தொடர்கதையாகிவிட்டது. ஆடு வளர்ப்பவர்களுக்குக் காவல் நாய் தேவை. ஆனால் முன்பு சோளக்காடாக இருந்த இடத்தில் இன்று மனை பிரித்து வீடு கட்டிவிட்டார்கள். அங்கே படுத்திருப்பவர்களுக்கு இரவு இரண்டு மணிக் குரைப்பு பெரும் துன்பம். இரண்டு தரப்புக் குறையும் நியாயமானதுதான்.

குரைப்பது பட்டி நாயின் வேலை. தூரத்திலேயே எச்சரித்துச் சண்டையைத் தவிர்க்கத்தான் அது குரைக்கிறது. அதன் வாயை அடைத்தால் பட்டியில் காவல் இல்லை. ஆகவே குரைக்க வைக்கும் காரணங்களைக் குறைப்பது, குரைக்கும் இடத்தை மாற்றுவது, இந்த இரண்டில்தான் கவனம் வைக்க வேண்டும்.

முதலில் ஏழு இரவு குறிப்பு எடுங்கள். மணி, நாய் பார்த்த திசை, எத்தனை நிமிடம், அங்கே என்ன இருந்தது. பக்கத்து வீட்டாரையும் குறித்துவைக்கச் சொல்லுங்கள். தினமும் ஒரே நேரத்தில் குரைத்தால் பால் வண்டியோ ஷிப்ட் முடிந்து வரும் ஆளோ காரணமாக இருக்கும். ஒரே திசை என்றால் இட்டேரி (காடுகளுக்கு நடுவே போகும் வேலித்தடம்) வழியாகத் தெருநாய் வருகிறது. திசையே இல்லாமல், ஒரே தாளத்தில் மணிக்கணக்காகக் குரைத்தால் அது காவல் இல்லை. கட்டிப்போட்ட நாயின் தவிப்பு அது. அவிழ்த்துவிட்ட நாய் போய் மோந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் படுத்துவிடும். கட்டிப்போட்ட நாயால் போய்ப் பார்க்க முடியாது, அதனால் சந்தேகம் தீராமல் குரைத்துக்கொண்டே இருக்கும். பகலெல்லாம் கட்டிவைத்தால் தூங்கிவிட்டு இரவெல்லாம் விழித்திருக்கும். பகலில் ஆடுகளோடு மேய்ச்சலுக்கு அனுப்புங்கள்.

அடுத்தது இடம். திறந்தவெளியில் தூரம் இரட்டிப்பாகும்போதெல்லாம் ஒலி சுமார் 6 டெசிபல் குறையும். ஒரு மீட்டரில் 95 டெசிபல் இருக்கும் குரைப்பு, 32 மீட்டரில் ஏறக்குறைய 65 டெசிபல், 64 மீட்டரில் 59 டெசிபல். குடியிருப்புப் பகுதிக்கு 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் சொல்லும் இரவு அளவு 45 டெசிபல். இரவு என்பது 10 மணி முதல் காலை 6 மணி வரை. தூரத்தை மட்டும் வைத்து அந்த அளவுக்கு இறக்குவது சின்னத் தோட்டத்தில் நடக்காது. அதனால் வீட்டுக்கும் நாய்க்கும் நடுவே ஆட்டுக்கொட்டகையோ வைக்கோல்போரோ மறைவாக நிற்கும்படி இரவுப் பட்டியை மாற்றுங்கள். சுவர் கட்டுவதானால் நாய்க்குப் பக்கத்தில், நாய் குரைக்கும் இடத்திலிருந்து வீட்டுச் சன்னல் தெரியாத உயரத்துக்குக் கட்டுங்கள். தகரச் சுவர் வேண்டாம், சத்தத்தை எதிரொலித்து வேறு வீட்டுக்கு அனுப்பும்.

எல்லை வேலியோரம் நாயை விடுவதுதான் பலர் செய்யும் தவறு. ரோட்டில் போகும் ஒவ்வொருவரும் அதற்கு எதிரியாகத் தெரிவார்கள். எல்லையிலிருந்து குறைந்தது 30 அடி உள்ளே, 5 அடி உயரக் கம்பி வலைக்குள் ஆடுகளோடு சேர்த்து அடையுங்கள். வலையின் அடியில் ஒன்றரை அடி அகலத்துக்கு வலையை வெளிப்பக்கமாகத் தரையில் விரித்துக் கல் வையுங்கள். தோண்டி நுழைய முடியாது என்றால் தெருநாய் இரண்டு நாளில் வேறு வழி பார்க்கும், பட்டி நாய்க்கும் வேலை குறையும். ரோட்டுப் பக்கம் 6 அடிக்கு அடர்த்தியான பச்சை வலையோ தென்னந்தடுக்கோ கட்டினால் பார்வை மறையும். சத்தம் மறையாது, ஆனால் கண்ணில் பட்டுக் குரைப்பது குறையும். நிரந்தர மறைப்புக்குக் கிளுவை வேலியே போதும், அடர்ந்து வளரச் சில ஆண்டுகள் ஆகும்.

தெருநாயை இழுப்பது வாசனைதான். ஆடு குட்டி போட்ட இடத்தில் நஞ்சுக்கொடி கிடந்தால் அன்றிரவே கூட்டம் வரும். மூன்றடி ஆழத்தில் புதைத்து மேலே கல் வையுங்கள். செத்த ஆட்டுக்கு ஆறடிக் குழியும் சுண்ணாம்பும் வேண்டும். நாய்க்கு மாலையிலேயே சோறு வைத்து, மிச்சத்தை எடுத்துவிடுங்கள். பெட்டை நாய் பருவத்துக்கு வந்தால் ஏறக்குறைய மூன்று வாரம் ஊர்க் கடுவன்களெல்லாம் வாசலில் நிற்கும். அதற்குக் கருத்தடை ஒன்றுதான் வழி.

வீட்டிலிருந்து கத்தி அதட்டாதீர்கள். நாயைப் பொறுத்தவரை நீங்களும் சேர்ந்து குரைக்கிறீர்கள். டார்ச்சோடு அதன் பக்கத்தில் போய், அது பார்க்கும் திசையை நீங்களும் பாருங்கள். ஒன்றுமில்லை என்றால் தணிந்த குரலில் "சரி, போதும்" என்று சொல்லித் திரும்பி நடங்கள். அது வாயை மூடி மூன்று விநாடி ஆனதும் ஒரு துண்டு அவித்த முட்டை கொடுங்கள். பிறகு பத்து விநாடி, முப்பது விநாடி என்று நீட்டுங்கள். குரைக்கும்போதே கொடுத்தால் குரைப்புக்குக் கூலி கொடுத்ததாகிவிடும். ஒரு மாதமாவது விடாமல் செய்ய வேண்டும். இளம் நாய் இரண்டு வயது வரை இலை அசைந்தாலும் குரைக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். மின் அதிர்ச்சிக் கழுத்துப்பட்டை வேண்டவே வேண்டாம். வலிக்குப் பயந்த நாய் தெருநாய் வந்தாலும் பேசாமல் படுத்திருக்கும்.

புதிதாக நாய் வாங்குபவர்கள் கன்னி, சிப்பிப்பாறை இனங்களை எடுக்க வேண்டாம். விரட்டி வேட்டையாடும் இனம், ஆட்டையே துரத்தும். ராஜபாளையம் இன நாயில் சில குட்டிகள் பிறவிச் செவிடு. பின்னால் நின்று கைதட்டிப் பாருங்கள். ஆடுகளுக்கு நடுவே எட்டு வார வயதிலிருந்து வளர்ந்த நாட்டு நாய் இந்த வேலைக்கு நன்றாகவே பொருந்தும்.

குட்டி வருவதற்கு முன்பே பக்கத்து வீட்டுக்கு நேரில் போங்கள். "அண்ணா, பட்டிக்கு நாய் கொண்டு வர்றோம். ராத்திரி விடாம குரைச்சா எந்நேரமானாலும் போன் பண்ணுங்க, எந்திரிச்சு வர்றோம்" என்று சொல்லி எண்ணைக் கொடுங்கள். போன் வந்தால் கட்டாயம் எழுந்து போங்கள், ஒரு முறை எடுக்காமல் விட்டாலும் அடுத்தது புகாராகத்தான் வரும். வெறிநாய்த் தடுப்பூசி அட்டையையும் காட்டிவிடுங்கள், குழந்தைகள் இருக்கும் வீட்டில் சத்தத்தை விடக் கடி பயம்தான் பெரிது. அவர்கள் வேலியோரம் கோழிக்கழிவு கொட்டினால் அதையும் அப்போதே பேசிவிடலாம், தெருநாய் வருவது அதற்காகவும்தான். முதல் மாதம் முடிந்ததும் மறுபடி போய், எந்த இரவுகளில் தூக்கம் கெட்டது என்று கேட்டு உங்கள் குறிப்போடு ஒப்பிட்டுப் பாருங்கள். பட்டியை இன்னும் எந்தப் பக்கம் நகர்த்த வேண்டும் என்பது அதிலேயே தெரிந்துவிடும்.