இரண்டு கம்பு, ஒரு கயிறு: கடற்கரைச் சரிவை அளப்பது எப்படி

சென்னைத் துறைமுக வேலை 1876-இல் தொடங்கியது. கரையோரமாக வடக்கே நகரும் மணல் அதன் சுவரில் முட்டித் தேங்க, தெற்கே மெரினா அகன்றது. வடக்கே ராயபுரம் பக்கம் கரை அரித்தது. இப்படிக் கரை வளர்கிறதா, தேய்கிறதா என்பதைப் புவியியல் மாணவர்கள் தாங்களே அளக்கலாம். 1961-இல் அமெரிக்கக் கடல் நிலவியலாளர் கே. ஓ. எமரி வெளியிட்ட முறை அதற்குப் போதும்.

1.5 மீட்டர் நீளத்தில் நேரான மரச்சட்டம் இரண்டு எடுங்கள். தையல்காரர் டேப்பும் அதே நீளம்தான். பூஜ்யம் உச்சியில் இருக்கும்படி ஒவ்வொன்றிலும் ஒன்றை ஒட்டிவிடுங்கள். அடியில் உள்ளங்கை அகலப் பலகைத் துண்டு ஒன்றை ஆணியடித்துக்கொள்ளுங்கள். 2 மீட்டர் கயிறு வேண்டும், நைலான் வேண்டாம், இழுபடும். ஆள் மூன்று பேர்.

எல்லாவற்றையும்விட முக்கியம் தொடக்கப் புள்ளி. அலை எட்டாத மதில் மூலை, கான்கிரீட் தூண் போன்ற அசையாத ஒன்றைப் பிடித்து, படமெடுத்து, அங்கிருந்து கடலுக்குச் செங்குத்தாகச் செல்லும் திசையைத் திசைகாட்டியில் குறியுங்கள். கைப்பேசி ஜிபிஎஸ் காட்டும் உயரத்தை நம்ப வேண்டாம். அதன் பிழை நீங்கள் அளக்கப்போகும் மாற்றத்தைவிடப் பெரியது.

வற்றம், அதாவது கடல் நீர் மிகத் தாழ்ந்து இறங்குவது, வரும் நேரத்துக்கு ஒரு மணி முன்பே தொடங்குங்கள். கிழக்குக் கரையில் காலை வெயில் நேரே கண்ணில் அடிக்கும், பிற்பகல் வற்றம் வசதி.

ஒரு கம்பு (பின்கம்பு) தொடக்கப் புள்ளியில், மற்றது (முன்கம்பு) கடல் பக்கம் 2 மீட்டர் தள்ளி. கயிறு கிடைமட்டமாக இருக்கட்டும். பின்கம்புக்குப் பின்னால் குனிந்து, முன்கம்பின் உச்சியும் தொடுவானமும் ஒரே கோட்டில் வரும்வரை கண்ணை இறக்குங்கள். அந்தக் கோடு பின்கம்பை வெட்டும் இடத்தில் விரலை வைத்து வாசியுங்கள். 14 என்றால் தரை 14 செ.மீ. இறங்கியிருக்கிறது: −14. எதிரே மணல் மேடேறினால் முறை தலைகீழ்: பின்கம்பின் உச்சி வழியாகத் தொடுவானத்தைப் பார்த்து, முன்கம்பில் வாசிக்க வேண்டும், குறி கூட்டல். −14, −9, +3 என்று வந்தால் மொத்தம் −14, −23, −20. பெரும்பாலும் தவறுவது இந்தக் குறியில்தான். 'இறக்கம்', 'ஏற்றம்' என்று உரக்கச் சொல்லி எழுதவையுங்கள்.

பின்கம்பை நகர்த்தும்போது முன்கம்பு நின்ற அதே தடத்தில் வையுங்கள். ஈர மணலில் ஒவ்வொரு முறையும் முன்கம்பு மட்டும் 1 செ.மீ. புதைந்து, பின்கம்பு புதையாமல் நின்றால், 20 அளவுகளில் இல்லாத 20 செ.மீ. பள்ளம் கணக்கில் ஏறிவிடும். பலகை அதற்குத்தான். கம்பு 5 பாகை சாய்ந்தால் அரை செ.மீ.தான் போகும், அதற்காகக் கொத்தனார்போல ரசமட்டம் பிடிக்க வேண்டியதில்லை. சரிவு திடீரென்று மாறும் இடத்தில் மட்டும் இடைவெளியைக் குறைத்து, அந்தத் தூரத்தையும் எழுதுங்கள். தொடுவானம் சற்றே தாழ்ந்து தெரிவதால் 2 மீட்டருக்கு ஒன்றிரண்டு மில்லிமீட்டர் பிழை உண்டு. ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய அதே அளவு வருவதால் ஒப்பீடு கெடாது. மூடுபனியில் தொடுவானமே தெரியாவிட்டால் நீர் நிரப்பிய டியூப் மட்டம் கைகொடுக்கும்.

வடகிழக்குப் பருவமழையில் அலை மணலை இழுத்துப்போகும், பிறகு திரும்பச் சேரும். ஆகவே ஜனவரியை ஜனவரியோடுதான் ஒப்பிட வேண்டும். இரண்டு ஜனவரிகளின் சரிவுக் கோடுகளையும் ஒரே வரைபடத்தாளில் வரைந்து, நடுவில் உள்ள பரப்பைச் சதுர மீட்டரில் எண்ணுங்கள். ஒரு மீட்டர் கரைக்கு எத்தனை கன மீட்டர் மணல் போனது அல்லது வந்தது என்பது அந்த எண்தான்.