ஊருக்குப் போகும்போது பழைய கைப்பேசியும் லினக்ஸ் மடிக்கணினியும்

வீட்டில் சும்மா கிடக்கும் பழைய ஆண்ட்ராய்டு கைப்பேசியைத் தாயகப் பயணத்துக்குக் கொண்டு போவது நல்ல யோசனைதான். உள்ளூர் சிம்மை அதில் போட்டுவிட்டால் புதுக் கைப்பேசியைத் தொட வேண்டியதில்லை. தொலைந்தாலும் பெரிய நட்டமில்லை. கூட வருகிற மடிக்கணினியில் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் இருந்தால் இன்னும் வசதி, டிரைவர் தேடி அலைய வேண்டாம். ஒன்று மட்டும்: அந்தக் கைப்பேசியை மோடமாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். வங்கி, மின்னஞ்சல், பயணச்சீட்டு எல்லாம் மடிக்கணினியில் நடக்கட்டும்.

ஆண்ட்ராய்டு 7.1.1-க்கு முந்தைய கைப்பேசிகளில் இருக்கும் பாதுகாப்புச் சான்றிதழ்ப் பட்டியல் பழசாகிவிட்டது. லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு இலவசமாகத் தரும் சான்றிதழில் ஓடும் ஏராளமான தளங்களை அவற்றின் உலாவி நம்ப மறுக்கும். வாட்சப்பும் 2025 தொடக்கத்திலிருந்து 5.0-க்குக் கீழே ஓடாது. அதே கைப்பேசி வழியாக மடிக்கணினி இணையத்துக்குப் போனால் இந்தத் தொல்லை இல்லை. சான்றிதழைச் சரிபார்ப்பது மடிக்கணினியின் உலாவி. கைப்பேசி வெறுமனே தகவலைக் கடத்திவிடுகிறது.

கிளம்புமுன் இரண்டு விஷயங்களைப் பாருங்கள். முதலாவது, கைப்பேசி பழைய நிறுவனத்தின் சிம்முக்கு மட்டும் பூட்டப்பட்டிருக்கிறதா? பூட்டியிருந்தால் வெளிநாட்டில் இருக்கும்போதே அந்த நிறுவனத்தைக் கேட்டுத் திறந்துவிடுங்கள், ஊரில் போய் நின்றுகொண்டு இதைச் செய்வது பெரும்பாடு. இரண்டாவது, அலைவரிசை. இந்தியாவிலும் இலங்கையிலும் 2ஜி 900, 1800 மெகாஹெர்ட்சில் ஓடுகிறது. 4ஜிக்கு 1800, அதாவது பாண்ட் 3, இருந்தால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளலாம். வட அமெரிக்காவுக்கென்று செய்த பழைய கைப்பேசிகள் சில 850, 1900 மட்டுமே பிடிக்கும், அவற்றைச் சுமந்து போய்ப் பயனில்லை. 4ஜி இல்லாத கைப்பேசியில் இந்தியாவின் ஜியோ சிம் வேலை செய்யாது. பின்மூடி கொஞ்சம் மேலெழும்பி இருந்தால் பேட்டரி வீங்கியிருக்கிறது என்று அர்த்தம். அதை விமானத்தில் ஏற்ற நினைக்கவே வேண்டாம்.

அப்புறம் கேபிள். பழைய மைக்ரோ யூஎஸ்பி கேபிள்களில் பல, சார்ஜ் ஏற்ற மட்டுமே ஆனவை. தகவல் போகும் கம்பி உள்ளே இருக்காது. கைப்பேசி சார்ஜ் ஆகும், மடிக்கணினிக்கோ அது தெரியவே தெரியாது. லினக்ஸில் ஏதோ கோளாறு என்று மணிக்கணக்கில் தேடுகிறவர்களில் பலருக்குக் கேபிளை மாற்றினாலே போதும். வீட்டிலேயே ஒருமுறை படம் நகலெடுத்துப் பார்த்து, வேலை செய்யும் கேபிளில் ஒரு நூலைக் கட்டி வையுங்கள்.

இணையம் கொடுப்பது எளிது. கேபிளைச் செருகி, கைப்பேசி அமைப்புகளில் ஹாட்ஸ்பாட் பகுதிக்குப் போய் யூஎஸ்பி டெதரிங்கை இயக்கினால், சில நொடிகளில் மடிக்கணினியின் நெட்வொர்க் பட்டியலில் புதிய கம்பி இணைப்பு ஒன்று தோன்றும். கேபிளைச் செருகாதவரை அந்த டெதரிங் பொத்தான் மங்கலாகவே இருக்கும், பயப்பட வேண்டாம். வைஃபை ஹாட்ஸ்பாட்டும் வேலை செய்யும். ஆனால் பழைய பேட்டரியை அது குடித்துவிடும், கைப்பேசி சுடும். கேபிளில் சார்ஜும் சேர்ந்தே ஏறும். மின்சாரம் போய் வீட்டு ரவுட்டர் அணைந்தாலும் இந்த ஏற்பாடு நிற்காது, மடிக்கணினியில் சார்ஜ் இருக்கும்வரை.

இணைந்ததும் செய்ய வேண்டிய முதல் வேலை: அந்த இணைப்பின் அமைப்புக்குள் போய், அளவுள்ள இணைப்பு (metered) என்று குறித்துவிடுங்கள். இல்லாவிட்டால் லினக்ஸ் இதை வீட்டு பிராட்பேண்ட் என்று எண்ணிப் புதுப்பிப்புகளை இறக்க ஆரம்பிக்கலாம். உபுண்டு வகை லினக்ஸ் வைத்திருப்பவர்கள், அதிலுள்ள ஸ்னாப் செயலிகளின் புதுப்பிப்பையும் தனியாக நிறுத்தி வைப்பது நல்லது. நீங்கள் வாங்கிய டேட்டா காலைக்குள் காலியாக இது ஒன்றே போதும்.

ஊரில் இன்னொரு வேலையும் தானாக வந்து சேரும்: பெரியம்மாவின் கைப்பேசியில் 'இடம் இல்லை' என்று வருகிறது, படங்களை எடுத்துத் தர முடியுமா? முடியும். கேபிளில் இணைத்து, திரையைத் திறந்து, அறிவிப்பில் கோப்புப் பரிமாற்றம் என்பதைத் தேர்ந்தெடுங்கள். திரை பூட்டியிருந்தால் கோப்புறை வெறுமையாகத்தான் தெரியும். ஆயிரக்கணக்கான படங்கள் இருந்தால் கோப்பு மேலாளர் திணறும், பாதியில் நின்றும் போகலாம். அதற்கு ஏடிபி (adb) என்ற, கைப்பேசியோடு கட்டளை வழியாகப் பேசும் கருவி நல்லது: கைப்பேசியில் பில்ட் எண்ணை ஏழுமுறை தட்டி, டெவலப்பர் பகுதியில் யூஎஸ்பி டீபக்கிங்கை இயக்கி, திரையில் கேட்கும் அனுமதியைக் கொடுத்தால் கேமரா கோப்புறையை ஒரே கட்டளையில் (adb pull) முழுதாக இழுக்கலாம், அதில் -a சேர்த்தால் கோப்பின் தேதியும் மாறாது. வேலை முடிந்ததும் டீபக்கிங்கை அணைத்துவிடுங்கள். படங்களை இரண்டு இடத்தில் நகலெடுத்துத் திறந்து பார்க்கும்வரை மூலத்தை அழிக்க வேண்டாம். பெரியம்மா அவசரப்படுத்தினாலும் சரி.

இதற்கெல்லாம் தேவையான மென்பொருளைக் கிளம்புமுன்பே நிறுவிவிடுங்கள். ஏடிபி, கைப்பேசியையும் கணினியையும் வைஃபையில் இணைக்கும் கேடிஇ கனெக்ட், தொடுதிரை மக்கர் செய்யும் கைப்பேசியை மடிக்கணினியிலிருந்தே இயக்க ஸ்கிரீன் காப்பி (scrcpy), பொத்தான் கைப்பேசியில் உள்ள எண்களை எடுக்க காமு (gammu). ஐபோன் இருந்தால் லிப்ஐமொபைல்டிவைஸ் (libimobiledevice) வேண்டும்; 'இந்தக் கணினியை நம்பலாமா' என்று ஐபோன் கேட்கும்போது ஆம் சொன்னால் படங்கள் தெரியும்.

கேடிஇ கனெக்ட் வெளிநாட்டு வங்கிக் குறுஞ்செய்திக்கு உதவும். வெளிநாட்டுச் சிம் இருக்கும் கைப்பேசியில் டேட்டா ரோமிங்கை அணைத்து, ஒரு மூலையில் சார்ஜில் போட்டுவிடலாம். அதிலும் மடிக்கணினியிலும் கேடிஇ கனெக்ட் இருந்து, இரண்டும் ஒரே வைஃபையில் இருந்தால் வங்கி அனுப்பும் எண் மடிக்கணினித் திரையிலேயே வந்து நிற்கும். இரண்டும் ஒன்றையொன்று கண்டுகொள்ளவில்லை என்றால் ஃபயர்வாலில் 1714 முதல் 1764 வரையான போர்ட்டுகளைத் திறந்து பாருங்கள்.

திரும்பும்போது அந்தப் பழைய கைப்பேசியை யாராவது கேட்பார்கள், நீங்களும் கொடுத்துவிடுவீர்கள். கொடுக்குமுன் உங்கள் கூகுள் கணக்கை முதலில் நீக்கிவிட்டு, அதன் பிறகே அமைப்புகள் வழியாக முழுதாக அழியுங்கள். ஆண்ட்ராய்டு 5.1 முதல் வந்த பூட்டு ஒன்று உண்டு: கணக்கை நீக்காமல், அமைப்புகளுக்குப் பதில் ரிக்கவரி என்ற மீட்புத் திரை வழியாக அழித்தால், அடுத்து இயக்குகிறவரிடம் அது உங்கள் கடவுச்சொல்லைக் கேட்கும், நீங்களோ அப்போது விமானத்தில் இருப்பீர்கள்.