இதய வால்வு மாற்று ஆபரேஷன்: பல் டாக்டரில் தொடங்கி ஐ.என்.ஆர். நோட்டு வரை

அம்மாவுக்கு மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. வயசாகுது, அதான் என்று நாங்களே சொல்லிக்கொண்டோம். எக்கோ என்னும் இதய ஸ்கேன் எடுத்த பிறகுதான், இதயத்தின் இடப்பக்க அறைகளுக்கு நடுவில் இருக்கும் மைட்ரல் வால்வு சுருங்கியிருப்பது தெரிந்தது. சிறு வயதில் தொண்டை வலிக்குப் பின்னால் வந்த மூட்டு வீக்கமும் காய்ச்சலும்தான் காரணம். ருமாட்டிக் காய்ச்சல் மூட்டை விட்டுப் போய்விடும், வால்வில் வடுவை வைத்துவிட்டுப் போகும். ஆபரேஷன் தேதி கையில் வந்ததும் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றோம். அந்த நிலையில் இருக்கும் குடும்பங்களுக்காக, நாங்கள் செய்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

முதலில், எந்த வால்வு என்று பேசுங்கள்

மருத்துவர் இரண்டு வகை சொல்வார். உலோக வால்வு என்று நாம் சொல்லும் செயற்கை வால்வு பல பத்தாண்டுகள் உழைக்கும். ஆனால் இரத்தம் உறையாமல் இருக்க வாழ்நாள் முழுக்க மாத்திரை வேண்டும். மாட்டின் அல்லது பன்றியின் திசுவில் செய்த வால்வுக்குப் பலருக்கும் சில மாதங்களோடு அந்த மாத்திரை நின்றுவிடும். ஆனால் 10, 15 வருடங்களில் தேய்ந்து, மறுபடி சிகிச்சை தேவைப்படலாம். இளம் பெண்கள் கட்டாயம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: பின்னால் குழந்தை வேண்டுமா? இரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் வார்ஃபரின் வகை மாத்திரை கருவைப் பாதிக்கும். கூச்சப்படாமல் இதை முதலிலேயே பேசிவிடுங்கள்.

அம்மாவுக்கு வைத்தது சித்ரா வால்வு என்னும் செயற்கை வால்வு. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் உருவாகி, 1990இல் முதல் நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. வெளிநாட்டு வால்வைவிட விலை குறைவு. நம் நாட்டில் செய்தது என்று அதை வைத்துக்கொள்ளத் தயங்க வேண்டியதில்லை.

அடுத்தது பல்

இதயத்துக்கும் பல்லுக்கும் என்ன சம்பந்தம் என்று நானும் கேட்டேன். சொத்தைப் பல்லிலும் ஈறிலும் இருக்கும் கிருமி இரத்தத்தில் கலந்து புது வால்வில் போய் ஒட்டிக்கொண்டால் உயிருக்கே ஆபத்து. அதனால் பிடுங்க வேண்டியதைப் பிடுங்கி, அடைக்க வேண்டியதை அடைத்த பிறகுதான் தேதி கொடுத்தார்கள். இதற்கே இரண்டு வாரம் ஆகலாம், கடைசி நேரத்துக்கு வைக்காதீர்கள்.

காகிதம், இரத்தம், மாத்திரை

முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டு அட்டை இருந்தால் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். ஆபரேஷனுக்கு முன்பே அனுமதி வாங்க வேண்டும் என்பதால், மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் முதல் நாளே போய்ப் பேசுங்கள். இரத்தம் கொடுக்க நான்கைந்து பேரைச் சொல்லி வையுங்கள். இப்போது சாப்பிடும் மாத்திரைகள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு அப்படியே டாக்டரிடம் காட்டுங்கள், சித்த மருந்து, லேகியம் உட்பட. எதை எப்போது நிறுத்துவது என்பதை அவரே சொல்லட்டும்.

மூன்று பந்தை வீட்டிலேயே பழகுங்கள்

மூன்று பந்து உள்ள பிளாஸ்டிக் கருவி ஒன்று வாங்கச் சொல்வார்கள். எல்லோரும் அதை ஊதுவது என்கிறார்கள். ஊதக் கூடாது, உறிஞ்ச வேண்டும். மூச்சை மெதுவாக உள்ளே இழுத்துப் பந்தை மேலே நிறுத்தப் பழக வேண்டும். ஆபரேஷனுக்குப் பின் நுரையீரல் விரியவும் சளி கட்டாமல் இருக்கவும் இதுதான் துணை. நெஞ்சு வலியோடு புதிதாகக் கற்றுக்கொள்வது கஷ்டம்.

ஐ.சி.யூ.

முதல் முறை பார்க்கும்போது மனதைத் திடப்படுத்திக்கொள்ளுங்கள். வாயில் செயற்கை சுவாசக் குழாய், நெஞ்சிலிருந்து வடிகுழாய்கள், கழுத்தில் ஊசி, முகத்தில் வீக்கம். இதெல்லாம் வழக்கமானதுதான். குழாய் இருக்கும்வரை பேச முடியாது என்பதை நோயாளியிடமும் முன்பே சொல்லி வைத்தால் கண் விழிக்கும்போது பயப்பட மாட்டார்.

வீட்டில் முதல் மூன்று மாதம்

நடு நெஞ்செலும்பை அறுத்துக் கம்பியால் கட்டியிருப்பார்கள். அந்த எலும்பு ஒட்ட ஆறு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும். குடம் தூக்குவது, மாவு பிசைவது, துணி பிழிவது, பேரப்பிள்ளையைத் தூக்குவது எதுவும் வேண்டாம். படுக்கையிலிருந்து எழும்போது கையை ஊன்றாமல், ஒருக்களித்துத் திரும்பிக் காலைக் கீழே விட்டு எழ வேண்டும். இருமல் வந்தால் தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொள்ளுங்கள். டாக்டர் சரி என்னும்வரை பைக் ஓட்டக் கூடாது.

நடை மட்டும் தினமும் வேண்டும். வீட்டுக்குள் ஐந்து நிமிடத்தில் தொடங்கி மெல்லக் கூட்டுங்கள். பசியின்மை, தூக்கமின்மை, காரணமில்லாத அழுகை சில வாரம் இருக்கலாம். அம்மா அழுதபோது நாங்கள் பதறினோம். பக்கத்தில் உட்கார்ந்திருந்தாலே போதும் என்று பிறகுதான் புரிந்தது. வாரக்கணக்கில் நீடித்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். இரவு அமைதியில் வால்வின் டிக் டிக் சத்தம் கேட்கும். வால்வு வேலை செய்கிறது என்பதுதான் அதன் பொருள்.

ஐ.என்.ஆர்., இதைத்தான் நன்றாகப் படிக்கவும்

ஆபரேஷன் ஒரு நாள் வேலை, இது தினசரி வேலை. வார்ஃபரின் அல்லது அசிட்ரோம் மாத்திரையைத் தினமும் ஒரே நேரத்தில் போட வேண்டும். நாங்கள் மாலை ஆறு மணிக்கு விளக்கேற்றும் நேரத்தோடு சேர்த்துவிட்டோம். ஒரு நாள் மறந்தால் மறுநாள் இரண்டாகப் போடக் கூடாது. ஐ.என்.ஆர். என்பது இரத்தம் எவ்வளவு தாமதமாக உறைகிறது என்று காட்டும் எண். அந்த இரத்தப் பரிசோதனை முதலில் அடிக்கடி, நிலைத்த பிறகு பெரும்பாலும் மாதம் ஒருமுறை இருக்கும். மைட்ரலில் உலோக வால்வு என்றால் பொதுவாக 2.5 முதல் 3.5 வரை வைப்பார்கள். உங்கள் எண்ணை டாக்டரிடம் கேட்டு, ஒரு நோட்டில் தேதி, எண், மாத்திரை அளவு மூன்றையும் எழுதுங்கள்.

கீரையே கூடாது என்பது தவறு. முருங்கைக்கீரையில் உள்ள வைட்டமின் கே மாத்திரையின் வேகத்தைக் குறைக்கும் என்பது உண்மைதான். ஆனால் வாரத்துக்கு எவ்வளவு சாப்பிடுகிறோமோ அதே அளவை மாற்றாமல் சாப்பிட்டால் டோஸை அதற்கேற்ப அமைத்துவிடலாம்.

ஆபத்து வேறு மருந்துகளில் இருக்கிறது. அம்மாவுக்கு வயிற்றுப்போக்கு வந்து, பக்கத்துக் கிளினிக்கில் மெட்ரோனிடசோல் என்ற ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள். நாலாம் நாள் பல் தேய்க்கும்போது ஈறில் இரத்தம் நிற்கவில்லை, ஐ.என்.ஆர். எகிறியிருந்தது. இப்போது எங்கே போனாலும் வாயைத் திறந்ததும் முதலில் சொல்வது, "செயற்கை வால்வு வெச்சிருக்கு, அசிட்ரோம் சாப்பிடறாங்க." வலிக்கு டைக்ளோஃபினாக் வேண்டாம், தசையில் போடும் ஊசியும் இதயநோய் டாக்டரைக் கேட்காமல் வேண்டாம்.

ருமாட்டிக் நோயாளி என்றால், அந்தக் காய்ச்சல் மறுபடி வராமல் இருக்க 21 நாளுக்கு ஒருமுறை போடும் பெனிசிலின் ஊசியைப் பற்றி மட்டும் தனியாகக் கேளுங்கள். வால்வு மாற்றியாச்சு என்று தானாக நிறுத்திவிடக் கூடாது. இனி பல் பிடுங்குவதென்றால் அதற்கு முன்பு ஆன்டிபயாடிக் போட வேண்டும்.

உடனே ஓட வேண்டிய நேரம்

வாய் கோணல், ஒரு பக்கம் கை கால் விழுதல், பேச்சுக் குழறல், கறுப்பு மலம், திடீர் மூச்சுத்திணறல், வழக்கமாகக் கேட்கும் டிக் சத்தம் மங்கிப்போதல்: இதில் எது வந்தாலும் 108 கூப்பிடுங்கள். காயத்தில் சீழ், இரண்டு நாளில் இரண்டு கிலோ எடை கூடுவது, குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் என்றால் அன்றைக்கே ஆபரேஷன் செய்த இடத்துக்குப் போங்கள். காய்ச்சலுக்கு நீங்களாக ஆன்டிபயாடிக் கொடுக்காதீர்கள், முதலில் இரத்தம் எடுத்துக் கிருமி வளர்கிறதா என்று பார்க்க வேண்டியிருக்கும். கிளம்பும்போது ஐ.என்.ஆர். நோட்டையும், வால்வின் விவரம் எழுதிய அட்டையையும் கையில் எடுத்துக்கொள்ளுங்கள்.