வெள்ளைக் கொக்குகளை இனம் பிரித்து அறிவது எப்படி?

வயலிலும் ஏரிக்கரையிலும் பொதுவாகக் கொக்கு என்று நாம் அழைக்கும் வெண்ணிறப் பறவைகளில், உண்ணிக் கொக்கு, சின்னக் கொக்கு, இடைக் கொக்கு, பெரிய கொக்கு என்ற நான்கு இனங்கள் தமிழ்நாட்டில் பரவலாக உள்ளன. இவற்றைப் பழக விரும்புவோர், வடகிழக்குப் பருவமழையால் ஏரிகள் நிரம்பி, வேடந்தாங்கல் போன்ற இடங்களில் பறவைகள் கூடு கட்டும் காலத்தில் தொடங்குவது நல்லது. அப்போது இறகுகளே இனத்தைக் காட்டிக்கொடுத்துவிடும்.

உண்ணிக் கொக்கின் தலை, கழுத்து, முதுகு ஆகியவற்றில் அப்போது ஆரஞ்சு கலந்த பழுப்பு நிறம் படர்வதால் அதில் ஐயத்துக்கே இடமில்லை. மற்ற மூன்றும் வெள்ளையாகவே இருக்கும். ஆனால், மெல்லிய அலங்காரத் தூவிகள் எங்கெங்கே முளைத்திருக்கின்றன என்பதில் அவை வேறுபடுகின்றன. பிடரியிலிருந்து இரண்டு நீண்ட தூவிகள் நாடாவைப் போலத் தொங்கினால் அது சின்னக் கொக்கு. பிடரியில் எதுவுமின்றி மார்பிலும் முதுகிலும் தூவிகள் இருந்தால் இடைக் கொக்கு. முதுகில் மட்டும் இருந்தால் பெரிய கொக்கு. பெண்களின் தொப்பிகளை அலங்கரிப்பதற்காக ஐரோப்பாவில் இத்தூவிகளுக்கு இருந்த தேவையால் கொக்குகள் பெருமளவில் கொல்லப்பட்டன என்பதும், இந்தியாவிலிருந்து இறகு ஏற்றுமதி 1902-இல் தடை செய்யப்பட்டது என்பதும் இங்கே நினைவுகூரத்தக்கவை.

தூவிகள் உதிர்ந்த பிறகு அலகையும் காலையும் நம்ப வேண்டியிருக்கும். அலகும் காலும் கறுத்து, விரல்கள் மட்டும் மஞ்சளாக இருப்பது சின்னக் கொக்கு. சேற்றில் நிற்கும்போது விரல்கள் தெரியாவிட்டால், அது பறக்கும் வரை பொறுத்திருந்து பார்க்கலாம். குட்டையான, தடித்த மஞ்சள் அலகுடன் மேயும் மாடுகளைச் சுற்றி வருவது பெரும்பாலும் உண்ணிக் கொக்காகவே இருக்கும்.

உண்மையில் கடினமானது, இடைக் கொக்கையும் பெரிய கொக்கையும் பிரிப்பதுதான். தனியே நிற்கும் பறவையின் உயரத்தை வைத்து முடிவு செய்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அலகின் நிறமும் உதவாது. இரண்டுக்கும் மஞ்சளாக இருந்து, கூடு கட்டும் காலத்தில் கறுத்துவிடும். இருநோக்கியில் வாய்ப்பிளவின் கோட்டைத் தொடர்ந்து பாருங்கள்: அது கண்ணுக்கு நேர் கீழே முடிந்துவிட்டால் இடைக் கொக்கு, கண்ணைத் தாண்டிப் பின்னால் நீண்டால் பெரிய கொக்கு.

இவற்றோடு மடையானையும் குழப்பிக்கொள்வதுண்டு. பறக்கையில் சிறகுகள் பளிச்சென்று வெண்மையாகத் தெரிந்தாலும், அதன் முதுகு பழுப்பாகவே இருக்கும். ஆகவே தரையில் இறங்கியவுடன் இன்னொரு முறை பார்த்துவிட்டுப் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள்.