ஓட்டு வீடு அடுக்குமாடியானால் மின்தேவை எவ்வளவு ஏறும்? நீங்களே கணக்கிடலாம்

தண்டையார்பேட்டையிலோ வியாசர்பாடியிலோ ஓட்டு வீட்டை இடித்து 8 ஃபிளாட் கட்டினால், கூடுவது வீடுகள் மட்டுமல்ல. வருமானம் கொஞ்சம் உயர்ந்ததும் முதலில் வருவது ஏசி.

முதலில் மீட்டரைப் பாருங்கள். திரை மாறி மாறிக் காட்டும் எண்களில் ‘கேடபிள்யூஎச்’ (kWh) என்று வருவதுதான் யூனிட். இரவு 10 மணிக்கும் காலை 6 மணிக்கும் குறித்துக் கழியுங்கள். ஏசி போட்ட இரவு ஒன்று, போடாத இரவு ஒன்று. வித்தியாசம்தான் ஏசியின் பங்கு.

1.5 டன் ஏசி முழுவேகத்தில் மணிக்குச் சுமார் 1.5 யூனிட் இழுக்கும். கம்ப்ரசர் விட்டுவிட்டு ஓடுவதால், 8 மணி நேரத்துக்கு 7 யூனிட் என்று வையுங்கள். இரண்டு மாத பில்லில் இது மட்டுமே 420 யூனிட். மற்றதையும் சேர்த்து 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண அடுக்கே மாறி, பில் எகிறும்.

ஃபிளாட்டுக்கு ஒரு ஏசி என்றால், 8 ஃபிளாட்டுக்கு ஒரு இரவில் 56 யூனிட். அனல் மின்சாரத்துக்கு யூனிட்டுக்கு ஏறத்தாழ 0.7 கிலோ நிலக்கரி. ஆக, சுமார் 39 கிலோ. அத்திப்பட்டு அனல் மின் நிலையத்தில் எரியும் நிலக்கரியின் சாம்பலில் ஒரு பகுதி எண்ணூர் கழிமுகத்தில் படிகிறது. வடசென்னைக்காரர்களுக்கு இது வெறும் பில் கணக்கல்ல.

மோட்டார், லிஃப்டைத் தனியே கூட்டுங்கள். 1 எச்பி மோட்டார் மணிக்கு ஏறக்குறைய 1 யூனிட்.

பலர் தவறுவது ஒன்றில்: மாத யூனிட்டை மட்டும் பார்க்கிறார்கள். எல்லா ஏசியும் ஒரே நேரத்தில் ஓடும் இரவு 11 மணிச் சுமைதான் கேபிளைச் சூடாக்கும், ஃபியூஸைப் போக்கும். கட்டும்போதே அந்த உச்சச் சுமையைக் கணக்கிட்டு, அதற்கேற்ற இணைப்புக்கு விண்ணப்பியுங்கள்.