பாமர்ஸ்டன் பிரபுவின் கடிதங்கள்: படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மூன்று முறை வெளியுறவு அமைச்சர், இரண்டு முறை பிரதமர். 19ஆம் நூற்றாண்டு பிரிட்டனைப் பற்றி எழுத உட்காருகிற எவரும் பாமர்ஸ்டன் பிரபுவின் கடிதங்களைத் தொடாமல் இருக்க முடியாது. அவர் எழுதிக் குவித்ததில் ஒரு வரியை உருவி எடுத்து, 'அவர் நினைத்தது இதுதான்' என்று முடிவு கட்டிவிடும்போதுதான் பலர் சறுக்குகிறார்கள்.

முதலில் ஆளைச் சரியாகப் பிடிக்க வேண்டும். 1802க்கு முந்தைய தாளில் 'பாமர்ஸ்டன்' என்று இருந்தால் அது அவருடைய அப்பா. மகன் ஹென்றி ஜான் டெம்பிளுக்குப் பட்டம் வந்தது அந்த ஆண்டில், 17 வயதில். பிரபு என்பதால் பிரபுக்கள் சபையில் இருந்தார் என்று எழுதிவிடாதீர்கள். அது அயர்லாந்துப் பட்டம், அதற்குப் பிரபுக்கள் சபையில் தானாக இடம் கிடைக்காது. 1807லிருந்து 1865இல் இறக்கும்வரை, நடுவில் சில மாதங்கள் தவிர, அவர் தேர்தல் மூலம் நிரப்பப்படும் காமன்ஸ் சபையின் உறுப்பினர்.

அலுவல் கடிதத்தை மட்டும் படிப்பது அடுத்த தவறு. வெளிநாட்டில் இருந்த தூதருக்கு அவரிடமிருந்து அரசாங்கக் கடிதமும் போகும், தனிக் கடிதமும் போகும். முதலாவதை அரசியும் மற்ற அமைச்சர்களும் பார்ப்பார்கள், பின்னால் நாடாளுமன்றத்திலும் வைக்க நேரலாம். மனத்தில் இருப்பதைத் தனிக் கடிதத்தில்தான் தாராளமாக எழுதுவார். சில சமயம் அதுவும் போதாது. 1851 டிசம்பரில் பிரெஞ்சுக் குடியரசுத் தலைவர் லூயி நெப்போலியன் பாரிஸில் ஆட்சியைக் கைப்பற்றியபோது, அங்கிருந்த பிரிட்டிஷ் தூதருக்குப் போன உத்தரவு, எதிலும் தலையிடாதீர்கள் என்பது. ஆனால் லண்டனில் இருந்த பிரெஞ்சுத் தூதர் வலெவ்ஸ்கியிடம் பாமர்ஸ்டன் நேரிலேயே அதற்கு ஆதரவாகப் பேசிவிட்டார். பிரதமர் ரஸ்ஸல் அவரைப் பதவியிலிருந்து நீக்கினார். பாரிஸுக்குப் போன உத்தரவை மட்டும் வைத்துக்கொண்டு பார்த்தால், எதற்காக நீக்கினார்கள் என்றே புரியாது.

எல்லாவற்றையும்விட ஆபத்தானது, அச்சில் வந்ததை முழுக் கடிதம் என்று நம்புவது. 1837-38இல் காபூலில் பிரிட்டிஷ் தூதராக இருந்த அலெக்சாண்டர் பர்ன்ஸ், அங்கே ஆண்ட தோஸ்த் முகமதுவுடன் உறவு வைத்துக்கொள்வதே நல்லது என்று இந்திய அரசுக்கு எழுதினார். கவர்னர் ஜெனரல் ஆக்லண்ட் அதைக் கேட்கவில்லை. தோஸ்த் முகமதுவை நீக்கி, முன்னாள் மன்னர் ஷா ஷூஜாவை அரியணையில் ஏற்றப் படை போனது. பாமர்ஸ்டன் வெளியுறவு அமைச்சராக இருந்த 1839இல் நாடாளுமன்றத்துக்காக அச்சிட்ட ஆவணத் தொகுப்பில் பர்ன்ஸின் கடிதங்களை வெட்டியிருந்தார்கள். படித்தவர்களுக்கு அவரும் அந்தப் படையெடுப்பை ஆதரித்ததாகவே தோன்றியது. 1841 நவம்பரில் காபூலில் அவரைக் கொன்றார்கள், மறுத்துப் பேச ஆளில்லை. முழுக் கடிதங்கள் அச்சில் வந்தது 1859இல். 1861இல் காமன்ஸ் சபையில் உறுப்பினர் ஜான் பிரைட் கடுமையாகக் கேள்வி எழுப்பியும், அப்போது பிரதமராக இருந்த பாமர்ஸ்டன் வெட்டியது சரிதான் என்று வாதாடினார். செத்துப்போனவரின் பெயரில் பழியைச் சுமத்திய அந்தச் செயலை என்னால் சாதாரணமாகக் கடந்து போக முடியவில்லை. அச்சுப் பிரதியோடு மூலத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். பாமர்ஸ்டனின் சொந்தத் தாள்கள் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன, வெளியுறவு அலுவலகத்தின் கோப்புகள் லண்டனின் கியூ (Kew) பகுதியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில்.

அப்புறம் தேதி. ரஷ்யா அந்த நூற்றாண்டில் பழைய நாள்காட்டியையே வைத்திருந்தது, 12 நாள் பின்தங்கியிருக்கும். சீனாவுக்குக் கடிதம் போகப் பல மாதம். 1841 ஜனவரியில் ஹாங்காங் பிரிட்டிஷ் கைக்கு வந்தது. 'வீடு என்று சொல்ல ஒன்றும் அதிகமில்லாத தரிசுத் தீவு' என்று, சீனாவில் பிரிட்டிஷ் பிரதிநிதியாக இருந்த சார்ல்ஸ் எலியட்டைக் கடிந்து பாமர்ஸ்டன் எழுதியது ஏப்ரலில். அதை எலியட்டோடு நடந்த உடனடி உரையாடல்போல எழுதக் கூடாது.

'நிரந்தர நண்பனும் இல்லை, நிரந்தரப் பகைவனும் இல்லை' என்ற வாசகம் எங்கும் சுற்றுகிறது. அதைக் கடிதங்களில் தேடாதீர்கள். அதன் மூலம் 1848 மார்ச் 1 அன்று காமன்ஸ் சபையில், தன் கொள்கையைக் குறைகூறியவருக்குப் பதிலாக அவர் ஆற்றிய நீண்ட உரை. நிலையானவை நம் நலன்களே, அவற்றைப் பின்பற்றுவது நம் கடமை என்றும் அங்கே சொல்கிறார். அந்தப் பாதியையும் சேர்த்தே மேற்கோள் காட்டுங்கள்.