ஆட்டோஇட்டும் மைஎஸ்க்யூஎல்லும்: 32-க்கும் 64-க்கும் நடுவில் போன ஒரு நாள்

ஸ்டாக் கணக்கை மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸில் ஏற்ற, விண்டோஸ் வேலைகளைத் தானாகச் செய்ய வைக்கும் ஆட்டோஇட் மொழியில் ஸ்கிரிப்ட் எழுதினேன். டேட்டாபேஸோடு இணைக்கும் ஏடிஓடிபி கனெக்‌ஷனைத் திறந்தாலே, 'டேட்டா சோர்ஸ் பெயர் கிடைக்கவில்லை, டிரைவரும் குறிப்பிடப்படவில்லை' என்று எரர். பாஸ்வேர்டை மாற்றினேன், மைஎஸ்க்யூஎல்லின் போர்ட் 3306-ஐப் பார்த்தேன். ம்ஹூம். புரோகிராமை டேட்டாபேஸோடு பேச வைக்கும் டிரைவரைப் போட்டதே நான்தான், இல்லை என்றால் எப்படி?

சங்கதி இதுதான்: நான் போட்டது 64-பிட் ஓடிபிசி (டேட்டாபேஸ் இணைப்புக்கான பொதுத் தரம்) டிரைவர், ஸ்கிரிப்ட் ஓடியதோ 32-பிட்டில். 32-பிட் புரோகிராமின் கண்ணுக்கு 64-பிட் டிரைவர் தெரியாது. சரிபார்க்கப் போனால் அங்கேயும் குழப்பம்: 32-பிட் ஓடிபிசி டிரைவர்களின் பட்டியலைக் காட்டும் டூல் இருப்பது விண்டோஸின் சிஸ்வாவ்64 ஃபோல்டரில், 64-பிட்டுக்கானது சிஸ்டம்32-இல்! பெயரை நம்பித் தப்பான பட்டியலையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஸ்கிரிப்டை 64-பிட் ஆட்டோஇட்டில் ஓட்டினேன். உடனே கனெக்ட் ஆனது. டிரைவர் பெயரை மட்டும் பட்டியலில் உள்ளபடியே, அதில் வரும் 'யூனிகோட்' என்ற சொல்லைக்கூட விடாமல் எழுதுங்கள்.